காகிதத்தில் வரைந்த கால்

— காலைக் கூட்டிட்டு வராம காகிதத்தைக் கூட்டிட்டு வந்திருக்கியே ஜெமேலி! இந்த இட்டேன் ஊர்ச் சந்தையில பதினோரு வருஷமா ஷூ விக்கிறேன், இப்படி ஒரு கிராக்கி வந்ததில்ல.

— அவ வரல, லெலெய் அண்ணே. தூங்குறப்ப பாதத்துக்கு அடியில காகிதத்தை வச்சுப் பென்சிலால சுத்தி வரைஞ்சேன்.

— உன் தங்கச்சி செரோப்புக்கா?

— ஆமா. பழசு அடிப்பாகம் பேர்ந்து போச்சு. வியாழக்கிழமை ஓட்டம்.

— கோச் தன் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்கிற ஓட்டம்தானே? சந்தை முழுக்க அதே பேச்சு. சரி, இதை எப்ப வரைஞ்ச? காலையிலயா, சாயங்காலமா?

— அதுல என்னண்ணே இருக்கு?

— எல்லாமே அதுலதான் இருக்கு, கேட்டுக்க. காலையில கால் ஒரு அளவு. இருபது கிலோமீட்டர் ஓடிட்டு வந்தா இன்னொரு அளவு, சப்பாத்தி மாதிரி உப்பி நிக்கும். பொண்ணுங்க விடியக்காலையில வந்து போட்டுப் பாத்து, "கச்சிதமா இருக்குண்ணே"ன்னு சிரிச்சுக்கிட்டே போகும். ரெண்டு வாரம் கழிச்சு நொண்டிக்கிட்டு வரும்.

— நேத்து சாயங்காலம் ஓடிட்டு வந்து அப்படியே படுத்துட்டா. அப்ப வரைஞ்சதுதான்.

— கெட்டிக்காரி. காட்டு... இதோ, ரெண்டாவது விரல் கட்டைவிரலைத் தாண்டி நீண்டிருக்கு பாரு. இந்த மாதிரிக் காலுக்கு அந்த விரல்ல இருந்துதான் அளக்கணும். அதுக்கு முன்னால என் பெருவிரல் அகலத்துக்கு இடம் விடணும். இந்தா, நாற்பதாம் நம்பர். காகிதத்தை உள்ள போடுறேன். பாத்தியா, எவ்வளவு இடம்!

— லூசா தெரியுதே.

— எல்லாரும் இதையேதான் சொல்றாங்க! முன்னால லூசா இருக்கணும், குதிகால்லதான் இறுக்கம். இந்தக் கடைசி ஓட்டை வரைக்கும் கயிறை விட்டு இழுத்துக் கட்டச் சொல்லு. அப்பதான் இறக்கத்துல கால் முன்னால வழுக்காது. வியாழக்கிழமை எந்த ரோடு?

— பள்ளத்தாக்கு ரோடு. இருபத்தஞ்சு கிலோமீட்டர். பத்தாவது கிலோமீட்டர்ல இருந்து இறக்கம்.

— ஐயோ, அந்த இறக்கமா? என்னைச் சாகடிச்ச இறக்கம் அது.

— நீங்க அங்க ஓடியிருக்கீங்களா?

— ஓடினதா! முதல்ல வந்துக்கிட்டிருந்தேன் தாயி. யாரோ வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன புது ஷூ, பளபளன்னு இருந்துச்சு. ஒரு நம்பர் சின்னது. நிக்கிறப்ப ஒண்ணுமே தெரியல. பத்து கிலோமீட்டர் வரைக்கும் பறந்தேன். இறக்கம் வந்ததும் ஒவ்வொரு அடிக்கும் விரல் போய் முன்னால முட்டுது. பதினெட்டுல உக்காந்துட்டேன். கழட்டினா சாக்ஸோட சேந்து நாலு நகம் வந்துடுச்சு. அன்னிக்குப் போன கோச் அப்புறம் என் பக்கம் திரும்பிப் பாக்கல. அதான் யாராவது சின்ன ஷூ கேட்டா எனக்கு வயித்தெரிச்சல்.

— ஒரே ஒரு நம்பருக்கா அவ்வளவும்?

— ஒரே ஒரு நம்பருக்கு. நகத்தையும் நேரா வெட்டிவிடு, ஓட்டத்துக்கு ரெண்டு நாள் முன்னால. புது சாக்ஸ் வேணாம், துவைச்ச பழசே போதும். இதெல்லாம் சரியா இருந்தா உன் தங்கச்சிதான் முதல். அவ ஓடி நான் பாத்திருக்கேன், தூசியே கிளம்பாது.

— தெரியும்ணே. அவளை யாராலயும் பிடிக்க முடியாது.

— முகாமுக்குப் போனா அவ வாழ்க்கையே மாறிடும். மூணு வேளை சாப்பாடு, வெந்நீர், டிவின்னு சொல்றாங்க. நீயும் அங்க இருந்தவதானே?

— எல்லாம் இருக்குண்ணே. பொண்ணுங்க ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள்தான் இல்ல.

— தாழ்ப்பாள் எதுக்கு? அந்தக் காவலைத் தாண்டித் திருடனா வரப்போறான்?

— வெளியில இருந்து யாரும் வர மாட்டாங்க.

— ம்... நீதான் அஞ்சே மாசத்துல திரும்பி வந்துட்ட. முட்டி போச்சுன்னு சொன்னாங்க. நல்ல ஓட்டக்காரி நீ.

— முட்டின்னு நான்தான் சொன்னேன்.

— அப்போ முட்டி இல்லையா?

— அம்மாகிட்ட நடந்ததைச் சொன்னேன். வாயை மூடுன்னுட்டா. கோச் சர்ச்சுல முன் பெஞ்சுல உக்கார்றவராச்சே. செரோப்புகிட்ட போன மாசம் சொன்னேன். "உனக்கு முடியலன்னு என்னைத் தடுக்காத அக்கா"ன்னு அழுதா. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "ஷூ மட்டும் நீயே வாங்கிக் குடு, நீ வாங்கினா ராசி"ன்னா.

— சரி தாயி, இந்த நாற்பதைக் கட்டித் தரேன்.

— அண்ணே, இதே மாதிரி முப்பத்தொன்பது இருக்கா?

— யாருக்கு?

— அவளுக்குத்தான். காலையில ஆறு மணிக்கு, குளிர்ல போடுவா. நிக்கிறப்ப தெரியாதுன்னு சொன்னீங்களே.

— ஏய், இவ்வளவு நேரம் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேனே! பதினெட்டைக்கூடத் தாண்ட மாட்டா. ஓட்டம் முடியாது, முகாமும் கிடையாது.

— கிடையாது.

— உன்னை நம்பிக் காலை நீட்டுற பொண்ணு அவ. நாளைக்கு விஷயம் தெரிஞ்சா உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா.

— முழிக்க வேணாம். வீட்டுல இருந்தா போதும்.

— நகமெல்லாம் பேர்ந்துடும் ஜெமேலி! ரத்தமா வந்து நிப்பா!

— நகம் ஒரு வருஷத்துல முளைச்சிடும்ணே. அங்க எனக்குப் போனது நாலு வருஷமா முளைக்கல. முப்பத்தொன்பதையே கட்டுங்க.