பூசை போடாத கார்

— சேவை செய்யணும்னு ஆசைன்னு சொன்னேம்மா. நம்மூரு எதுக்குன்னு கேள்வி கேட்ட டாக்டருமாரு தலையத் தலைய ஆட்டுனாவ. கிராமத்துப் பயிற்சிக்கு நம்மூரு ஆஸ்பத்திரியவே குடுத்துட்டாவ.

— ஏட்டி முத்துராணி, கிறுக்கு புடிச்சிட்டா உனக்கு? சென்னையில டாக்டருக்குப் படிச்சவ அங்கனயே நிக்காம, இந்த வாழைக்காட்டுக்குள்ள என்னத்துக்கு வாரே?

— சேவைக்குத்தான். அதென்ன, உன் கையில டெட்டால் வாடை?

— பேச்ச மாத்தாத. பெத்தவகிட்டயே சேவையாம் சேவை! உள்ளதச் சொல்லு.

— அப்பாவப் பாம்பு கடிச்ச அன்னைக்கு, மேலத்தெரு மொதலாளி வாசல்ல போய் நின்னியே, ஞாபகம் இருக்கா?

— அத ஏம்ட்டி இப்பக் கெளறுதே?

— அவன் வாழைக்குத் தண்ணி பாய்ச்சப் போன மனுசன் நுரை தள்ளிக் கெடக்காரு. வாசல்ல புதுக் கார் நிக்கி. அவன் என்ன சொன்னான்?

— அவுகன்னு சொல்லு. வயசுல மூத்தவுக.

— என்ன சொன்னான்மா?

— காருக்கு இன்னும் திருச்செந்தூர்ல பூசை போடல, மொத மொதல்ல கீழத்தெரு ஆள ஏத்துனாத் தீட்டுன்னாவ.

— நாம பஸ்ஸுக்கு நின்னோம். பஸ் வாரதுக்குள்ள அப்பா போயிட்டாரு.

— அழாத தாயி.

— அழல. அந்த ஆளு காய்ச்சல்னு வந்து என் முன்னால உக்காரணும். நாக்க நீட்டுன்னு நான் சொல்லணும். அவன் கையப் புடிச்சு நாடி பாக்கணும். கீழத்தெருக்காரி கை பட்டாத்தான் உசுருன்னு அவனுக்கு உறைக்கணும். அதுக்குத்தாம்மா கண்ணு முழிச்சுப் படிச்சேன். வேற ஒரு சேவையும் இல்ல.

— அவுக ஆஸ்பத்திரிக்கு நடந்து வரமாட்டாவ. கை கால் விழுந்து படுக்கையில கெடக்காவ.

— யாரு சொன்னா?

— நெதமும் பாக்கேனே.

— நீ எங்கன பாத்தே? வீட்டுல இருந்து பீடில்லா சுத்துதே?

— பீடிய விட்டு நாளாச்சு. உன் படிப்பு கெட்டுரும்னு சொல்லல. அவுகளக் குளிப்பாட்டுததும் பீத்துணி அலசுததும் நாந்தான். பெத்த புள்ளையளே கிட்ட வரமாட்டக்காவ.

— எம்மா! அந்த ஆளுக்கா?

— நான் ஊட்டுனாத்தான் வாயத் தெறப்பாவ. இந்தக் கைதாம்ட்டி நெதமும் படுது.

— அப்ப உறைச்சிருக்கணுமே! அந்த வீட்டுல ஒருத்தருக்காவது உறைச்சிருக்கணுமே!

— போன மாசம் மூச்சு முட்டிட்டு. அந்தக் கார்லதான் பாளையங்கோட்டைக்குக் கொண்டு போனோம். பின்னால நான், அவுக தல என் மடியில.

— அதே கார்லயா?

— அதே கார்தான். பெரிய ஆஸ்பத்திரியில அவுகளச் சேத்துட்டு, என்னைய பஸ்ஸுல போகச் சொல்லிட்டாவ. காரு நேரா திருச்செந்தூருக்குப் போச்சு, நான் உக்காந்ததுக்குப் பூசை போட.