ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு புறணிக் கதை

— கதவைச் சாத்துங்கக்கா. லைப்ரரிக்குள்ள இப்ப யாரும் வர வேண்டாம்.

— என்னடி தமிழ் டீச்சரே, மூஞ்சி இப்படி வெளிறிக் கிடக்கு? பாடம் எடுத்துட்டுத்தானே வர்றே?

— ஆமா. புறணியைப் பத்தி ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு கதை நடத்துங்கன்னு ஹெச்.எம். சொன்னதும், ஓடிவந்து நாலு பக்கம் டைப் அடிச்சுக் கொடுத்தீங்களே, அதைத்தான் எடுத்தேன்.

— நல்ல கதைதானே? பிள்ளைங்க ரசிச்சாங்களா?

— எந்தப் பத்திரிகையில வந்ததுன்னு சொன்னீங்க?

— அது... ஏதோ பழசு. பேரெல்லாம் எங்க ஞாபகம் இருக்கு, என்னமோ போ.

— முதல் பக்கத்துல ஒரு தையல்காரி. புருஷன் வெளியூர்ல வேலை பாக்கறான்னு அக்கம்பக்கத்துல சொல்லி வச்சிருக்கா. போனவன் போனவன்தான். சரி, எந்த வீட்டுலயும் நடக்கறதுதானேன்னு வாசிச்சுக்கிட்டே போனேன். ரெண்டாம் பக்கத்துல, அவன் விட்டுட்டுப் போன நீலச் சட்டையை ஞாயித்துக்கிழமை தவறாம நனைச்சுக் கொடியில போடறா. வாராவாரம் வந்துட்டுப் போறான்னு தெரு நம்பணுமாம்.

— ம்.

— வாய் அப்படியே நின்னு போச்சுக்கா. எதிர்ல நாப்பது பிள்ளைங்க. அந்தச் சட்டை விஷயம் தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. ஒண்ணு நான். இன்னொண்ணு, ரெண்டு வருஷம் முன்னாடி இதே மேஜையில நான் விழுந்து அழுதப்ப என் கையைப் பிடிச்சிருந்த நீங்க.

— அடி இவளே, கேளு. நான்தான் எழுதினேன், ஒத்துக்கறேன். இருபது வருஷமா யார் யாரோ எழுதின புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். எனக்கும் ஒண்ணு எழுதிப் பாக்கணும்னு இருக்காதா? உன் கதையைக் கேட்டதுலேருந்து மனசே ஆறல. அதான் தையல்காரின்னு மாத்தினேன். பிள்ளை இல்லாதவள்னு மாத்தினேன்.

— சட்டையை மாத்தலையே.

— அதை எடுத்துட்டா கதையே இல்லையேடி.

— உங்களுக்கு அது கதை. சரி, அவ விஷயத்தைத் தெருவுக்குச் சொல்றது யாரு? எதிர்வீட்டுக்காரின்னு எழுதியிருக்கீங்க. அவ யார்கிட்ட மனசு விட்டு அழுதாளோ, அந்த சிநேகிதி எங்கக்கா? நாலு பக்கமும் தேடிட்டேன், அவளைக் காணோம்.

— தப்புதான்டி. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். உன் வாயாலயே வாசிக்க வச்சது அதைவிடப் பெரிய தப்பு. நீ ரசிப்பேன்னு நினைச்ச கிறுக்கி நான். ஆனா ஒண்ணு, அது நீதான்னு யாருக்குத் தெரியப்போகுது?

— வேற யார்கிட்டயும் சொல்லலையா?

— மூச்சு விடல.

— வீட்டுல?

— வீட்டுலயும்தான். எம் பொண்ணு மேல சத்தியமா...

— வேண்டாங்க்கா. அவ மேல சத்தியம் பண்ணாதீங்க. அவளும் அந்த வகுப்புலதானே இருக்கா, ரெண்டாவது பெஞ்சுல.

— ஏன், அவ என்ன பண்ணா?

— ஒண்ணும் பண்ணல. நீலச் சட்டைன்னு வாசிச்சதும் எல்லாரும் என்னைத்தான் பாக்கப் போறாங்கன்னு உடம்பெல்லாம் கூசிப் போய் நின்னேன். யாரும் என்னைப் பாக்கலக்கா. அத்தனை பேரும் உங்க பொண்ணைத்தான் திரும்பிப் பாத்தாங்க. பின்னாடியிருந்து ஒருத்தி கேட்டா, "ஏண்டி, இது நீ எட்டாவதுலயே எங்ககிட்ட சொன்னதுதானே?"