புள்ளி போன உயிர்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது கேள்வி கேட்டால் எனக்கு ஆகாது ஐயா. நீங்கள் கேட்கலாம், அது உங்கள் வேலை. டீ வேறு கொடுத்திருக்கிறீர்கள். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை.

எங்கள் நிறுவனம் நெட்வொர்க் கருவிகள் செய்கிறது. கம்ப்யூட்டர்களையும் மற்றச் சாதனங்களையும் ஒன்றோடொன்று பேசவைக்கும் பெட்டிகள். பெட்டி வெளியே போகுமுன் அதைச் சோதிப்பது எங்கள் பிரிவு. வேர்த்து விறுவிறுத்துச் செய்கிறோம் என்று நினைக்காதீர்கள். எல்லாம் தானாக ஓடும் சோதனைகள், ஆயிரக்கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம். அத்தனையையும் ஓட்டினால் ஒரு வாரம் பிடிக்கும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு டேக், அதாவது ஓர் அடையாளச் சொல், போட்டு வைப்போம். 'தினமும்', 'மெதுவானது', 'உயிர்' என்று. எந்த டேக்கைச் சொல்கிறோமோ அது உள்ளவற்றை மட்டும் மெஷின் பொறுக்கி எடுத்து ஓட்டும். டேக்குகள் தமிழில்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் மேலாளரின் உத்தரவு. மொழிக்குத் தொண்டு செய்ய அவருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

இவற்றில் 'உயிர்' என்ற டேக், தவறினால் ஆளுக்கே ஆபத்து என்ற சோதனைகளுக்கு. அவை எல்லாம் தேறிப் பச்சை காட்டினால்தான் பெட்டி வாசலைத் தாண்டும்.

எங்கள் பிரிவில் ஒரு பெண் உண்டு. குறுக்குக் கேள்வி என்று பெயர் வைத்திருந்தோம். நான் சாப்பிட்டுவிட்டு வந்து கண்ணை அசத்தும் நேரம் பார்த்துத்தான் அவளுக்குச் சந்தேகம் வரும்.

"அண்ணா, மெயின் பெட்டி நின்னு போச்சுன்னா பக்கத்துல இருக்கிற பெட்டி உடனே வேலையை எடுத்துக்கும்னு எழுதிக் கொடுத்திருக்கோமே, எடுத்துக்கலேன்னா?"

"எடுத்துக்கும்மா. அதுக்குத்தானே அது இருக்கு."

இந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. அதற்கென்று ஒரு சோதனை எழுதி, 'உயிர்' டேக்கும் போட்டுவிட்டாள். பெட்டிகள் ஒரு மருத்துவமனைக்குப் போகவிருந்தன. நோயாளி கட்டிலில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் நர்ஸ் மேசையில் மணி அடிக்க வேண்டும், அந்த மணி எங்கள் பெட்டி வழியாகப் போகும். அவள் கவலை நியாயமானதுதான். நியாயமான கவலைகளால் ஓர் அலுவலகத்தை என்ன பாடு படுத்தலாம் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

அந்தச் சோதனை ஒரு நாள் பச்சை காட்டும், ஒரு நாள் சிவப்பு. பெட்டியில் கோளாறு என்றாள் அவள். சோதனையில் கோளாறு என்றார் மேலாளர். பெட்டி வெளியே போனால்தான் எல்லோருக்கும் லீவு என்றும் சொல்லிவிட்டார். நானோ மகளுக்குக் கடலைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். "இந்தத் தடவையும் ஆபீஸ்ல வேலைன்னு சொன்னீங்கன்னா நாங்க ரெண்டு பேரும் எங்க பாட்டுக்குக் கிளம்பிடுவோம்" என்று என் மனைவி காலையில் துணிப்பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னாள். குடும்பத்தைக் கவனிக்காதவன் என்ற பெயரை நான் எடுக்க விரும்பவில்லை.

அன்று மதியம் குறுக்குக் கேள்வி சாப்பிடப் போயிருந்தாள். கம்ப்யூட்டரைப் பூட்டாமல் போவது அவள் வழக்கம். கேள்விகள் கேட்கவே நேரம் போதாதவளுக்குப் பூட்ட எங்கே நேரம்? அவள் நாற்காலியில் உட்கார்ந்து, 'உயிர்' என்ற சொல்லின் முடிவில் கர்சரை வைத்து, அழிக்கும் பொத்தானை ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்குத் தெரியும், ஒரு தட்டுக்கு எழுத்து போகாது, தலைமேல் இருக்கும் புள்ளி மட்டும் போகும். 'உயிர்', 'உயிர' ஆனது. மெஷின் 'உயிர்' எங்கே என்று தேடிப் போனது. 'உயிர' அதற்கு யாரோ எவரோ. ஒரு சோதனையைக் காணோமே என்று அது குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. அந்த நல்ல குணம் மனிதர்களுக்கும் இருக்கலாம்.

எல்லாம் பச்சை. மேலாளர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். அவள் மட்டும் ஓடி வந்தாள்.

"அண்ணா, என் சோதனை ஓடிச்சா?"

"ஓடாமலா பச்சை காட்டும்?"

கவனியுங்கள், நான் பொய் சொல்லவில்லை. திருப்பி ஒரு கேள்விதான் கேட்டேன். அவளிடம் கற்றுக்கொண்டது.

லீவின் கடைசி நாள் என் மகள் மணலில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரம்தான் மருத்துவமனையில் மெயின் பெட்டி நின்றிருக்கிறது. பக்கத்துப் பெட்டி எழவில்லை. நான்காம் மாடியில் ஆபரேஷன் முடிந்து தேறிவந்த ஒருவர். வீட்டுக்குப் போகுமுன் முகம் மழிக்க வேண்டும் என்று சொல்லி மனைவியைக் கீழே கடைக்கு அனுப்பியிருக்கிறார். தையல் விட்டு ரத்தம் கொட்டியபோது பொத்தானை அழுத்தியிருக்கிறார். அந்த அம்மாள் ரேசரோடு திரும்பி வந்தபோதும் விரல் பொத்தான் மேல்தான் இருந்ததாம். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. மகளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

விசாரணை தொடங்கியது. பெட்டியைக் குறை சொன்னார்கள், மின்சாரத்தைக் குறை சொன்னார்கள். சோதனைகள்தான் பச்சையாயிற்றே, எங்கள் பக்கம் யாரும் திரும்பவில்லை. அத்தோடு போயிருக்கும். ஆனால் அவள் விடுவாளா? இன்று காலை அழுது வீங்கிய முகத்தோடு என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணா, நான்தான் கொன்னுட்டேன். டேக்ல தப்புப் பண்ணியிருக்கேன். என் சோதனை ஓடவே இல்ல. போலீஸ்ல போய் சொல்லப் போறேன். அந்த அம்மா கால்ல விழப் போறேன்."

எனக்கு மனம் இளகிவிட்டது. அதுதான் நான் செய்த பிழை, எழுதிக்கொள்ளுங்கள். தலையைத் தடவிக் கொடுத்துச் சொன்னேன்.

"விடும்மா. ஒரு புள்ளி விட்டுப் போறதெல்லாம் யாருக்கும் நடக்கிறதுதான்."

அவள் அழுகை நின்றது.

"புள்ளின்னு நான் சொல்லலையே அண்ணா."

அவள் தலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். அவளும் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அவளை எனக்குத் தெரிந்த நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு கேள்வியை விழுங்கிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு போனாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

பெட்டி உண்மையிலேயே பழுது என்று தெரிந்தா செய்தேன் என்கிறீர்கள். நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்கிற ஆள் இல்லை. புள்ளியை எடுப்பதற்கு முந்தின நாள் அந்தச் சோதனையை என் கையாலேயே செய்து பார்த்தேன். சோதனை அறையில் மெயின் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு, பக்கத்துப் பெட்டியின் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். எரியவில்லை. மறுபடி பிடுங்கினேன், எரியவில்லை. அவள் சொன்னது சரி. பெட்டி எங்கே போகிறது, யார் கட்டிலில் பொத்தான் இருக்கும் என்பதும் தெரியும். தெரிந்துதான் எடுத்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்ததும் யோசித்துத்தான்.

இதையெல்லாம் ஏன் வந்து சொல்கிறேன்? ஒரு சின்னப் பெண் செய்யாத தப்பைத் தலையில் சுமப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை ஐயா. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது. 'தானாக முன்வந்து' என்ற வார்த்தையை அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழே வாசலில் கேட்கிறதே, உங்கள் காவலரிடம் யாரோ கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களே, அவள்தான். மாடி ஏறி வருவதற்குள் எழுதிவிட்டீர்கள் என்றால் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.