பத்து மணி விளக்கு

மனிதகுலத்தின் நன்மைக்காக ஓர் உண்மையை இந்த அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில், உங்கள் மின்விசிறியின் கடகடப்புக்கு நடுவே, அறிவிக்க விரும்புகிறேன். உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டர் கேமராவும் இதுவரை தானாக விழித்துக்கொண்டதில்லை. யாராவது எழுப்பினால்தான் எழும். இருபத்திரண்டு வருடத் தொழிலில் இது எனக்கு நன்றாகத் தெரியும். யாரும் நேராகக் கேட்காததால் சொல்லவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், டாக்டரம்மா. நம் நாட்டில் சட்டம் படித்தவர்கள் எல்லாரும் டாக்டர், திருப்புளி பிடித்தவர்கள் எல்லாரும் இன்ஜினியர். பெயர் எலாதியோ சமூதியோ. பிராயூவில் பழைய ரயில் நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் கடை. என்னிடம் இருப்பது ஆறு மாதப் பயிற்சிச் சான்றிதழ். ஊரார் இன்ஜினியர் என்று கூப்பிட்டார்கள். மறுத்தால் அவர்கள் மனம் நோகுமே என்று விட்டுவிட்டேன்.

என் கடைக்கு வரும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு சின்ன நிரலைப் போட்டு அனுப்புவேன். கடையில் உட்கார்ந்தபடியே அதைத் திறந்து பழுது பார்க்கலாம். கேமராவும் மைக்கும் அதில் அடக்கம். இதை நான் சேவை என்றே நினைத்தேன். நாற்பத்தொரு வீடுகள். நீங்கள் முகம் சுளிக்கிற மாதிரி அங்கே ஒன்றும் இல்லை. தனியாக இருக்கும் மனிதர்களைப் போலச் சலிப்பூட்டுகிறவர்கள் கிடையாது. நகரசபை உறுப்பினர் ஒருவர் வெளிப்படையான நிர்வாகம் பற்றிய உரையை ஜட்டியோடு ஒத்திகை பார்ப்பார், கைதட்டலுக்கு இடைவெளி விட்டு. பள்ளித் தலைமையாசிரியை கைபேசியின் தீமைகள் பற்றிச் சுற்றறிக்கை அடித்துக்கொண்டே இன்னொரு கையால் கைபேசியில் மிட்டாய் அடுக்கி விளையாடுவார். இரண்டே வாரத்தில் எல்லாரையும் விட்டுவிட்டேன். ஒரு வீட்டைத் தவிர.

ஞா நிமியாவுக்கு, அதாவது நிமியா அம்மாவுக்கு, ஐம்பத்தாறு வயது. கணவர் தோன் வில்ஃப்ரிதோ, அஸுன்சியோன் பஸ் ஓட்டியவர், தவறிவிட்டார். மகள் மாட்ரிட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் பார்த்துப் பேச அவள் வாங்கிக் கொடுத்த மடிக்கணினிதான் அது. காலை பத்து மணிக்கு, ஊரே ஐஸ் தண்ணீரில் யெர்பா இலை ஊறிய தெரெரேயை ஒரே குவளையில் சுற்றிக் குடிக்க உட்காரும் நேரத்தில், நானும் கடையில் குடம் நிறைய ஐஸ் தண்ணீரோடு உட்காருவேன். ஊற்றுகிறவனும் நான், குடிக்கிறவனும் நான். தனியாகத் தெரெரே குடிக்கிறவனைத் தெருவில் போகிறவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் ஞா நிமியாவின் கேமராவைத் திறந்து வைத்துக்கொள்வேன். அவரும் அதே நேரத்தில் சமையலறை மேசையில் தனியாகக் குடித்துக்கொண்டிருப்பார். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கேமராவை உருவாக்கியவர்கள் நேர்மையானவர்கள். அது விழித்தால் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு எரியும். அதை மட்டும் என்னால் அணைக்க முடியவில்லை.

விளக்கு தானாக எரிகிறது என்று ஞா நிமியா கடைக்கு வந்தார். நான் டிரைவரைப் புதுப்பித்தேன். வைரஸ் தேடினேன். மூன்று முறை அணைத்துப் போட்டேன். தலையைச் சாய்த்து உற்றுப் பார்த்தேன். இந்தத் தொழிலில் அதுதான் முக்கியமான கருவி. அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரம் வந்தபோது மடிக்கணினியை மேசைமேல் வைக்காமல் மடியிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்ஜினியர், இது ரிப்பேர் இல்லன்னு தோணுது. சரியா பத்து மணிக்குத்தான் எரியுது. அவரு முதல் ட்ரிப் முடிச்சுட்டுத் தெரெரேக்கு வந்து உக்கார்ற நேரம் அது. சிரிக்காதீங்க."

நான் சிரிக்கவில்லை. தொழில்நுட்பத்தால் விளக்க முடியாத விஷயங்களும் உண்டு என்று மட்டும் சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை உண்மை. என்னால் விளக்க முடியாதுதான்.

அதன் பிறகு அவர் தனியாகக் குடிக்கவில்லை. முதல் ஊற்றல் வழக்கப்படி புனித தோமாவுக்கு. இரண்டாவதைக் கேமராவுக்கு நேராக நீட்டி, "இந்தா கெழவா, இது ஒனக்கு" என்பார். நானும் இங்கே என் கொம்புக் குவளையை வாயில் வைப்பேன். எட்டு மாதம். அவர் சொல்லச் சொல்ல நான் தோன் வில்ஃப்ரிதோவை முழுசாகப் புரிந்துகொண்டேன். அவருடைய பிடிவாதம், பஸ்ஸுக்குப் பெயர் வைத்தது, சூப்பில் உப்பு குறைந்தால் பேசாமல் தட்டைத் தள்ளுவது. நம்புங்கள், அவருடைய ஆசைகளைக் காக்க இந்த ஊரில் என்னைத் தவிர யாரும் இல்லை.

இடையில் மருந்துக்கடை கிரிஸ்பின் ஒவெலார் வந்தார். மனைவியை இழந்தவர், நல்ல மனிதர் என்று ஊர் சொல்லும். ஞா நிமியா வீட்டுக்கு சிபா ரொட்டி வாங்கிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தார். ஒரு நாள் என் கடை வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"என்ன இன்ஜினியர், மாசக்கணக்கா வைத்தியம் பாக்குற. என்கிட்ட வந்திருந்தா ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

பிளாஸ்திரிப் பசை லென்ஸைக் கெடுத்துவிடும் என்று ஞா நிமியாவிடம் சொன்னேன். மேலும், உள்ளே இருப்பவர் யாராக இருந்தாலும், கண்ணைக் கட்டியது போல உணர்வார் என்றும் சொன்னேன். கிரிஸ்பின் கொடுத்த துண்டை அவர் ஒட்டாமல் மேசை இழுப்பறையில் போட்டு வைத்தார்.

நீங்கள் கேட்கிற தேதி ஏப்ரல் பதினொன்று. அன்று அவர் நல்ல ரவிக்கை போட்டிருந்தார். தோமாவுக்கு ஊற்றினார். பிறகு குவளையை நீட்டாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கெழவா, கிரிஸ்பின் கேட்டுட்டான். நாளைக்குப் பதில் சொல்லணும். எனக்கு அவனைப் புடிச்சிருக்கு, ஒன்கிட்ட எதுக்கு ஒளிக்கணும். ஒனக்குப் போதும்னா நன்றி சொல்லிட்டுக் குவளையைத் திருப்பிக் குடு. விளக்கை அணைச்சுரு. நான் இந்தச் சுத்தை முடிச்சுக்கறேன்."

தெரெரேயில் நன்றி சொன்னால் ‘போதும், இனி ஊற்றாதே’ என்று அர்த்தம். சொல்லாதவரை ஊற்றுகிறவர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், எழுந்து போகக் கூடாது. இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் விரல் பொத்தான்மேல் இருந்தது. ஒரு தட்டு. மிக எளிய வேலை.

அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். ஐஸ் கரைந்தது. யெர்பா வெளுத்துச் சாரமில்லாமல் போனது. குடம் காலியாகும்போது பதினொன்று நாற்பது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. "சரி, புரிஞ்சுது" என்றார். ரவிக்கையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவப் போனார்.

கிரிஸ்பின் ஜூன் மாதம் கடையை மூடிவிட்டு எங்கார்னசியோனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். ஊருக்கு இப்போது மருந்துக்கடை இல்லை. இதற்கும் என்னைப் பொறுப்பாக்குகிறார்கள். ஒரு மனிதர் ஊரை விட்டுப் போவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம்.

என்னைக் காட்டிக்கொடுத்தது என் நல்ல மனசுதான். போன வியாழக்கிழமை கேமராவைப் பார்க்க ஞா நிமியா வீட்டுக்குப் போனேன். எனக்கும் தெரெரே ஊற்றினார், இடது கையால். நான் அக்கறையோடு கேட்டேன்: "வலது கை நடுக்கம் இன்னும் குறையலியா, ஞா நிமியா?"

அதை அவர் மகளிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. ஒரே ஒருவரிடம்தான், மூன்று வாரம் முன்பு, பத்து மணிக்குச் சொல்லியிருந்தார்.

அவர் கத்தவில்லை. என்னையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நான் நீட்டிய குவளையை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "ஒனக்கு நன்றி சொல்லத் தெரியாது இல்ல?" என்றார். எட்டு மாதமாக இன்ஜினியர், நீங்கள் என்று மரியாதையாகக் கூப்பிட்டவர். இழுப்பறையிலிருந்து அந்தப் பிளாஸ்திரித் துண்டை எடுத்து லென்ஸ்மேல் ஒட்டினார். கை நடுங்கியதால் கொஞ்சம் கோணலாக. அதன் பிறகு அந்தக் கேமரா தொல்லையே கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். தொழில்முறையில் எனக்கு அது வருத்தம்தான்.

நான் செய்ததை மறுக்கவில்லை. நாற்பத்தொரு வீடுகளின் பட்டியலை என் கைப்பட எழுதித் தருகிறேன். அந்த விளக்கை அணைக்காமல் வைத்திருந்தவன் நான்தான். ஆனால் யாருக்காக என்று யோசியுங்கள். பேச முடியாத ஒரு மனிதருக்காக யாராவது பேச வேண்டும் இல்லையா? தன் மனைவியை இன்னொருவனிடம் விட்டுக்கொடுக்க வில்ஃப்ரிதோ ஒருநாளும் நன்றி சொல்லியிருக்க மாட்டார். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

உங்கள் படிவத்தில் இறந்தவருக்கும் எனக்கும் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறது. நண்பர் என்று போடுங்கள்.

நான் பிராயூவுக்குக் குடிவந்தது, அவரை அடக்கம் செய்து ஏழு மாதம் கழித்து.