அவள் கால் தரையில் படாமல்

முட்டை வேகும் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் ஓடு சுலபமாக உரியும். எனக்கு இது ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அதுவரை எங்கள் வீட்டு அடுப்படியில் என் நிழல்கூட விழுந்ததில்லை. நீங்கள் முதலில் முட்டையைப் பற்றித்தான் கேட்டீர்கள், மேடம். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் பஸ் டெப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது போனது, எப்போது வந்தது என்று குறித்து வைக்கும் வேலை. நாற்காலியை விட்டு எழ வேண்டியதே இல்லை. சார் வருவதற்கு முன்னால் சாரின் வயிறு வந்துவிடும் என்று டிரைவர்கள் சொல்வார்கள். வீட்டில் என் மனைவி எனக்கு வைத்த பெயர் பானை. செல்லமாகத்தான். "பானை சார், சாப்பிட வாங்க" என்பாள். பேர் வைத்தவளும் அவள்தான், சோறு போடுகிறவளும் அவள்தான். கோபித்துக்கொண்டு எங்கே போவது.

அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கேஸ் சிலிண்டர் வந்தால் ஆளுக்குக் காத்திருக்க மாட்டாள். தானே தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஏறிவிடுவாள். நான் பின்னாலேயே வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி வருவேன். முதல் மாடி அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்பார். "என்ன சார், சாவி ரொம்ப கனமா?" என்பார். என் மனைவி சிலிண்டரோடு நின்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன். இருபது வருஷம் அப்படிச் சிரித்திருக்கிறேன்.

யானைக்கும் அடி சறுக்கும். குளியலறையில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்து அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். "ஸ்போர்ட்ஸ் டீச்சர் உடம்பு, சீக்கிரம் எழுந்து நடந்துடுவாங்க" என்று டாக்டர் சொன்னார். அவளுக்கும் வேறு நினைப்பே இல்லை. அந்தப் படிக்கட்டில் தன் காலாலேயே இறங்கிப் போய் மைதானத்தில் நிற்க வேண்டும். விழித்ததிலிருந்து தூங்கும்வரை அது ஒன்றைத்தான் பேசினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று என்னால் அவளைத் தூக்க முடியவில்லை. டெப்போ டிரைவர்கள் மூன்று பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பின்னால் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு ஏறினேன். முதல் மாடி அக்கா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அடுத்த நாளே ஜிம்மில் சேர்ந்தேன். அங்கே இருந்த மாஸ்டருக்கு என் மகன் வயதுதான் இருக்கும், எனக்கு மகன் இருந்திருந்தால். என்னைத் தராசில் ஏற்றி, இடுப்பில் டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை நான் இன்றும் அப்படியே சொல்வேன்.

"சார், எடை குறைக்கறது பெரிய வித்தையே இல்ல. பட்டினி கிடந்தா யாருக்கும் குறையும். ஆனா உங்க வயசுல கொழுப்போட மசிலும் சேர்ந்து கரைஞ்சுடும். அப்புறம் ஒல்லியா இருப்பீங்க, படி ஏற முடியாது. கொழுப்பு போகணும், மசில் நிக்கணும். அதுக்கு வெயிட் தூக்கணும், புரதம் சாப்பிடணும், நல்லாத் தூங்கணும். இதுல ஒண்ணை விட்டாலும் உடம்பு தன்னையே தின்ன ஆரம்பிச்சுடும்."

நான் மாஸ்டர் சொன்னதில் ஒரு வார்த்தை பிசகவில்லை. முதலில் வெறும் கம்பி. அப்புறம் இரண்டு பக்கமும் சின்னச் சின்னத் தட்டு. குனியும்போது முதுகு வளையக் கூடாது, முட்டிதான் மடங்க வேண்டும். எடையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். சோற்றைப் பாதியாகக் குறைத்தேன். முட்டை, பருப்பு, மோர் என்று மாறினேன். பசி வயிற்றைக் கிள்ளியது. பொறுத்துக்கொண்டேன். பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன், அப்புறம் இன்னொன்று. ஆனால் தோளும் தொடையும் இறுகிக்கொண்டே வந்தன. சட்டை கழற்றும்போது கண்ணாடியில் வேறு யாரோ நிற்பதுபோல இருக்கும். பொய் சொல்வானேன், எனக்கு அந்த ஆளைப் பிடித்திருந்தது.

முதல் தடவை அவளைக் கையில் ஏந்திப் படி இறங்கிய சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காற்று வாங்க வாசல் கேட் பக்கத்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, இருட்டும் நேரத்தில் மறுபடி தூக்கிக்கொண்டு ஏறினேன். கதவுகள் திறந்தன. முதல் மாடி அக்கா கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றார். "பொண்டாட்டியை இப்படித் தாங்கற ஆம்பளையை நான் பார்த்ததே இல்லம்மா. என் கண்ணே பட்டுடும்." அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இறக்கினேன், ஏற்றினேன். டெப்போவில் நாள் முழுக்க நான் காத்திருந்தது அந்த நேரத்துக்குத்தான்.

இதற்கிடையில் பிசியோ பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். காலில் ரப்பர் பட்டையை மாட்டி இழுக்கச் சொல்வாள். "அம்மாவுக்குத் தினம் ரெண்டு முட்டை, பருப்பு, தயிர் எதையும் குறைக்காதீங்க சார்" என்பாள். மாஸ்டர் எனக்குச் சொன்ன அதே பாடம்தான். என் மனைவி இழு என்றால் அறுந்துபோகும்வரை இழுக்கிற ரகம்.

ஒரு நாள் டெப்போவிலிருந்து வந்து கதவைத் திறக்கிறேன், அவள் ஜன்னல் ஓரம் நின்றுகொண்டிருக்கிறாள். கம்பியை ஒரு கையால் பிடித்திருந்தாள். பிறகு அதையும் விட்டாள். முகம் பூரித்துப்போயிருந்தது. விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினாள்.

"பானை சார், பார்த்தீங்களா! அடுத்த வாரம் நானே இறங்கறேன். நீங்க பையை எடுத்துக்கிட்டு பின்னால வாங்க."

நான் கை தட்டினேன். உண்மையாகவே தட்டினேன், மேடம். ஆனால் என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் படிக்கட்டும் அதில் நான் பின்னால் போவதும்தான். எனக்கு பயமாக இருந்தது. அவ்வளவு பயம் அவள் விழுந்த அன்றுகூட இருந்ததில்லை.

மறுநாள் அவளுடைய எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு டெப்போவுக்குப் போனேன். வந்து, டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். உள்ளே வைத்த கம்பி லேசாக நகர்ந்திருக்கிறது, காலை ஊன்றவே கூடாதாம். அவள் முகம் விழுந்துவிட்டது. "நிஜமாவா சொன்னாரு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். எனக்குப் பொய் சொல்ல வராது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் அவள். அதனால் நம்பினாள்.

பிசியோ பெண்ணுக்கு போன் செய்து, அம்மா வெளியூரில் இருக்கிற எங்கள் மகள் வீட்டுக்குப் போகிறாள், இனி வர வேண்டாம் என்றேன். பிறகு ரத்தப் பரிசோதனை என்று ஒன்று சொன்னேன். கிட்னியில் கோளாறு, முட்டை, பருப்பு, பால் எதுவும் ஆகாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னதாகச் சொன்னேன். அவளுக்கு அரிசிக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். உப்பு, சூடு எல்லாம் சரியாக இருக்கும், ஊதி ஊதி ஊட்டுவேன். அவளுக்கென்று வாங்கிய முட்டைகள் வீணாகக் கூடாது இல்லையா. அடுப்படியில் நின்றபடி நானே சாப்பிட்டேன்.

மாஸ்டர் மூன்று சொன்னார். வெயிட்டை நிறுத்தினேன், புரதத்தை நிறுத்தினேன். தூக்கத்தில் மட்டும் நான் கை வைக்கவில்லை. நன்றாகவே தூங்கினாள்.

உடம்பு தன்னையே தின்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் தொடை போயிற்று. அப்புறம் கெண்டைக்கால். சிலிண்டர் தூக்கிய தோள் சட்டைக்குள் எங்கே என்று தெரியவில்லை. ஏதாவது வேண்டும் என்றால் விசில் ஊதுவாள். போகப்போக அந்தச் சத்தம் அடுத்த அறைக்கே எட்டவில்லை. அதனால் நான் அவள் அறையிலேயே படுக்க ஆரம்பித்தேன். என்னைப் போலப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது என்று அக்கா சொன்னது சும்மா இல்லை.

ஒரு சாயங்காலம் படியில் இறங்கும்போது அவள் என் கையை அமுக்கிப் பார்த்தாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கையை அமுக்கிப் பார்ப்பதுபோல. "நல்லா ஏறியிருக்கு. என் காலெல்லாம் உங்க கைக்குப் போயிடுச்சு போல இருக்கே" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள் என்று வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் என்னைப் பானை என்று கூப்பிடவில்லை.

மழைக்காலத்தில் சளி பிடித்தது. சாதாரணச் சளி. இருமினாள், சத்தம் வந்தது, சளி வரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். "இருமறதுக்கும் மசில் வேணும் சார், இவங்ககிட்ட அதுகூட இல்லையே" என்று அந்தச் சின்ன டாக்டர் அதிர்ந்துபோய்ச் சொன்னார். இது எனக்குப் புதிய செய்தி. மாஸ்டர் இதைச் சொல்லித் தரவில்லை. இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது.

மகள் வெளியூரிலிருந்து வந்தாள். அதுவரை வீடியோவில் அம்மாவின் முகத்தை மட்டும்தான் பார்த்திருந்தாள். போனை எப்போதும் நான்தான் பிடிப்பேன். போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, அம்மாவோட கால் எங்கப்பா?" என்று கேட்டாள். நான் கிட்னி என்றேன். எந்த டாக்டர் என்றாள். அந்த டாக்டரை அவள் தேடிப் போனாள். அப்படி ஒருவர் இல்லை என்று தெரிந்ததும்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அம்மாவைப் போலவே விடாக்கண்டி.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். கம்பி நகரவில்லை. கிட்னியில் கோளாறு இல்லை. அவள் நடந்திருப்பாள். நடக்கவிடாமல் செய்தது நான். சாகட்டும் என்று நினைக்கவில்லை, நான் அவளுக்குத் தேவையாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எனக்குக் கணக்குப் பார்க்கத் தெரியவில்லை. செய்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து இறக்கும்போது ஸ்ட்ரெச்சர் படி வளைவில் திரும்பவில்லை. கடைசிப் பயணத்துக்கு நாலு பேர் வேண்டும் என்பார்கள். டிரைவர்கள் நாலு பேரும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் வேண்டாம் என்றேன். முட்டியை மடக்கி, முதுகு வளையாமல், உடம்போடு ஒட்டி வைத்துத் தூக்கினேன். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கனமே இல்லை, மேடம். அந்தக் காலத்து வீட்டுச் சாவி அளவுகூட இல்லை. ஆனாலும் நான் மெதுவாகத்தான் இறங்கினேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று.

உங்கள் ஆட்கள் என்ன வேண்டுமானாலும் எழுதட்டும். கூடவே இதையும் எழுதச் சொல்லுங்கள். அத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட நான் அவளைக் கீழே போட்டதில்லை.