நாச்சம்மாளுக்குப் போட்ட பந்தலில்

அக்கிராசனம் வகித்து அமர்ந்திருக்கும் பெரிய பண்ணை சென்னிமலை ஐயா அவர்களே! அவருக்கு இருபுறமும் வீற்றிருக்கும் சித்தூர்ப் பெரியோர்களே! எனக்கு எழுத்தும் சொல்லும் தந்த ஆசிரியை கத்தரீனாள் அம்மையார் அவர்களே! பிள்ளையை மடியிலும் கவலையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! சேற்றுக் காலோடு வந்து, பந்தலுக்குள் வர அனுமதியில்லாமல், வெயிலில் நிற்கும் உழைப்பாளிகளே! கடைசியாக, மாலை சூடி என் பக்கத்தில் நிற்கும் காலி நாற்காலியே! அனைவருக்கும் கிழக்குத் தெரு மாரப்பன் மகளின் பணிவான வணக்கம்.

சிரிக்கிறீர்கள். நாற்காலிக்கு வணக்கம் சொன்னால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் நாற்காலிக்கு மாலை போட்டது நான் அல்லவே!

கொழும்பில் டாக்டர் படிப்புப் படித்த நம் குப்பண்ணன் ஐயாவின் மகள் நாச்சம்மாள் அக்காவிடமிருந்து பத்து நாட்களுக்கு முன்பு தந்தி வந்தது. 'தேறினேன்' என்றது தந்தி. 'வருகிறேன்' என்றதா? இல்லை. வருவாயா என்று நாம் ஒரு வரி எழுதிக் கேட்டோமா? அதுவும் இல்லை. கேட்காமலே பந்தற்கால் நட்டோம். கேட்காமலே வாழை கட்டினோம். கேட்காமலே மாலை தொடுத்தோம். மூன்று நாட்களுக்கு முன்பு கடிதம் வந்தது. படித்த நாட்டிலேயே, தோட்டத் தொழிலாளர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்க்க அவர் விரும்புகிறார்.

இப்போது பந்தலை என்ன செய்வது? நட்ட பந்தற்காலைக் காரியம் நடக்காமல் பிடுங்குவது நம் ஊர் வழக்கத்தில் இல்லை. ஆகவே வரவேற்புக் கூட்டம் கண்டனக் கூட்டமாயிற்று. வாசல் வளைவில் 'வருக', உள்ளே வசவு! நேற்றுப் பந்தல் பொறுப்பாளர் நஞ்சப்பன் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“அம்மணி, நீ எழுதி வெச்ச வரவேற்புல 'வருக வருக'ங்கறத மட்டும் அடிச்சுப்போட்டு, 'வெட்கம் வெட்கம்'னு போட்டுக்க. மித்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். நல்லாத்தான் எழுதியிருக்கறே” என்றார்.

மாமா, நான் அடிக்கவில்லை. ஒரு சொல்லையும் அடிக்கவில்லை!

“புள்ளை, உக்காரு!” என்று பின்வரிசையிலிருந்து குரல் வருகிறது. உட்காருகிறேன் ஐயா, ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு. ஆறுமுகசாமி அண்ணன் பினாங்குக்குப் போய்ப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அங்கே கடை, அங்கே வீடு, அங்கே குடும்பம். அவருக்கு எந்தப் பந்தலில் கண்டனம் நடந்தது? சத்திரத்துச் சுவரில் அவர் பெயரைக் கல்லில் அல்லவா வெட்டி வைத்திருக்கிறோம்! ஆண் அக்கரையில் தங்கினால் கீர்த்தி. பெண் தங்கினால் அபகீர்த்தியா?

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஆனி மாத நடவு நேரம். விடுமுறைக்கு வந்திருந்தார் நாச்சம்மாள் அக்கா. நாற்று நட வந்த குருவம்மாளுக்கு வயலிலேயே வலி கண்டுவிட்டது. குழந்தை குறுக்கே கிடந்தது. மாட்டுக் கொட்டகையில், வைக்கோல் மேல், அக்கா தம் இரண்டு கைகளாலும் வயிற்றின் மேலேயே மெல்ல மெல்லத் தள்ளிக் குழந்தையைத் திருப்பினார். நான் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பார்த்தேன். குழந்தை அழுதது. நானும் அழுதேன்.

தீண்டக்கூடாதவளைத் தொட்ட கை என்று சொல்லி, அன்று மாலை அவர் பிறந்த வீட்டுக் கிணற்றுக் கயிற்றைக்கூட அந்தக் கையால் தொட ஊரார் விடவில்லை. மறுநாள் பெரிய பண்ணையில் மருமகளுக்குக் காய்ச்சல். ஆள் வந்து என்ன சொன்னார்?

“வைத்தியம் பாக்க வரச் சொன்னாருங்க. ஆனா இனிமேட்டு அந்தப் பக்கத்துச் சனத்தைத் தொடறதில்லீன்னு சொல்லிப்போட்டு வரோணுமாமுங்க.”

அக்கா சொன்னார்: “அப்படீன்னா நான் ஒரு கையைக் கட்டிக்கிட்டுத்தான் வைத்தியம் பண்ணோணுமுங்களா?”

சொன்னாலும் சொல்லாவிட்டாலும் காய்ச்சல் காய்ச்சல்தான் என்று அவர் புறப்பட்டுப் போனார். அந்த வாக்கைக் கொடுக்கவில்லை என்று பண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்பினீர்கள். அக்கிராசனர் அவர்களே, என்னை மன்னியுங்கள். நான் இட்டுக் கட்டவில்லை. அந்த வாசலில் அக்காவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றவள் நான்.

அந்தக் கையைத்தான் இன்று “ஊருக்குச் சொந்தமான கை” என்கிறீர்கள்! கிணற்றுக்கு ஆகாத கை, கூட்டத்துக்கு மட்டும் எப்படி ஆயிற்று? யாரைத் தொடலாம், யாரைத் தொடக்கூடாது என்று பட்டியல் எழுதி வைத்துக்கொண்டு, தொண்டு செய்ய வா என்று அழைப்பது என்ன நியாயம்?

கொழும்பு மட்டும் சொர்க்கமா என்று கேட்கிறீர்களா? இல்லை. கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். “இந்தியாக்காரி, உன் ஊருக்குப் போ” என்று அங்கேயும் சிலர் சொல்லுகிறார்களாம். அங்கே 'போ' என்கிறார்கள். இங்கே 'வா' என்கிறார்கள். அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று அங்கேயும் கேட்கவில்லை, இங்கேயும் கேட்கவில்லை! ஆனாலும் அடுத்த வரி இது: “காலையில் என் முன்னால் நிற்கும் வரிசையில் யாரைத் தொடலாம் என்று இங்கே எவரும் எனக்குச் சொல்லித் தருவதில்லை. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.”

பிடித்திருக்கிறது! அந்த ஒரு சொல் போதாதா?

“நம்மூருக்கு டாக்டர் வேண்டாமா?” என்று கேட்டது யார்? ராமுத்தாய் அக்காவா? வேண்டும் அக்கா. பாலக்காடு போய்ச் சேருமுன் வண்டியிலேயே கண் மூடிய உங்கள் தங்கையை நான் மறக்கவில்லை. டாக்டர் வேண்டும். அதற்கு எல்லோரும் நுழையக்கூடிய ஓர் இடம் முதலில் வேண்டும். அதைக் கட்டுவோம். கட்டிவிட்டுக் கடிதம் எழுதுவோம். வந்தால் வரட்டும்; வராவிட்டால் வேறொருத்தியைப் படிக்க வைப்போம். அழைப்பது வேறு, கயிறு கட்டி இழுப்பது வேறு.

“நீயும் போகப் போறியா அம்மணி?” என்கிறார் ஒரு பாட்டையா. தெரியாது ஐயா. கணக்கில் இன்னும் தேறவில்லை!

இனி நான் பேசவேண்டியவர் ஒருவர்தான். குப்பண்ணன் ஐயா, உங்களுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும், வாசிக்கத் தெரியாது. அக்காவின் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுவேன். இந்த முறை கடிதத்தோடு ஒரு தாளும் வந்தது. அயல் தேசத்துப் பெண்ணை வேலையில் வைக்க அந்த ஆஸ்பத்திரி கேட்பது தகப்பனார் சம்மதக் கையெழுத்து ஒன்றே. நாளைத் தபாலில் அது போகவேண்டும். போகாவிட்டால் வேலை இல்லை. அக்கா தனுஷ்கோடிக்குக் கப்பல் ஏறவேண்டியதுதான். கையெழுத்துப் போட்டால் உங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவரும் வரமாட்டோம் என்று இங்கே சிலர் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தாள் மூன்று நாளாக உங்கள் தலை உருமாலை மடிப்பில்தான் இருக்கிறது. பேச்சுக்குப் பேச்சு உங்கள் கை அங்கே போய்த் தடவிப் பார்க்கிறதே, அதைப் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

ஒருவரும் வராவிட்டால் நான் வருவேன் ஐயா. என் தாயார் வருவார். வெளியே வெயிலில் குழந்தையோடு நிற்கிறாரே குருவம்மாள், அவர் வருவாரா என்று நீங்கள் கேட்டுப் பாருங்கள்!

எழுந்துவிட்டீர்களா? சற்று வழி விடுங்கள், பெரியோர்களே. போகவில்லை, மேடைக்குத்தான் வருகிறார்.

“பேனா வெச்சிருக்கியா அம்மணி?” என்று கேட்கிறார்.

இருக்கிறது ஐயா! மையும் இருக்கிறது. என் வரவேற்புத் தாளை அடியில் வைத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு எழுதவேண்டாம். மாலையை நகர்த்துகிறேன், இந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. உட்காருங்கள்.

பேச இடம் தந்த அக்கிராசனருக்கும், இடையில் அதட்டியவர்களுக்கும், அதட்டாமல் கேட்டவர்களுக்கும், மை காயும்வரை அமைதியாக இருக்கப் போகும் உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. வணக்கம்.