குழியில் நட்ட புங்கஞ்செடி

ஆஸ்டின் டவுன் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி மாப்பிள்ளையின் அம்மா, இன்னொருத்தி பெண்ணின் அம்மா. பேச்சிலேயே தெரிந்தது. பஸ் கம்பி வேலி போட்ட காட்டை ஒட்டிப் போனது.

“இந்தக் காடு எங்க வீட்டுக்காரர் வெச்சது,” என்றாள் பெண்ணின் அம்மா.

மற்றவள் சிரித்தாள். “காட்டை மனுஷன் வெப்பானா? அவர் துரைகிட்ட புல்லு வெட்டினவர்னு இல்ல கேள்விப்பட்டேன்?”

“வெட்டினார். இதெல்லாம் அப்ப வெறும் புல்தரை. துரை சொந்தமா கோல்ப் ஆடின எடம். சுதந்திரம் வந்ததும் அவர் சீமைக்குப் போயிட்டார். ஏரிக்குத் தண்ணி வர்ற எடம், யாரும் வீடு கட்டக் கூடாதுன்னு சர்க்கார் வேலி போட்டுடுச்சு. எங்க வீட்டுக்காரரைக் காவலுக்கு வெச்சாங்க.”

“அப்புறம்?”

“பந்து விழற குழி அங்கங்க இருந்துச்சு. உள்ள இருந்த தகர டப்பாவைப் புடுங்கிட்டு, குழிக்கு ஒரு புங்கஞ்செடி நட்டார். யாரும் சொல்லல, அவராத்தான் செஞ்சார். அந்த மரத்து விதை விழுந்து மொளைச்சதுதான் மீதியெல்லாம்.”

“நோண்டற வேலை மிச்சம்!”

“கிண்டல் பண்ணுங்க. வெயில் காலத்துல குடத்துல தண்ணி சுமந்து ஊத்தினவ நானு.”

பஸ் கொஞ்ச தூரம் ஓடியது. காடு இன்னும் முடியவில்லை.

“எங்க சொந்தக்காரங்க கேப்பாங்களே, பொண்ணோட அப்பா என்ன வேலை செஞ்சார்னு. புல்லு வெட்டினார்னு எப்படிங்க சொல்றது?”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எல்லாரையும் இந்த பஸ்ஸுல கூட்டிக்கிட்டு வாங்க. ஜன்னல் பக்கமா உக்கார வையுங்க.”

மாப்பிள்ளையின் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள். வேலி முடியும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள்.

“வர்ற வெள்ளிக்கிழமை பூ வெச்சிடலாம், சம்பந்தி,” என்றாள்.